பேக்கப் ஃபங்ஷன் பொய் சொல்லுது, திட்டு மட்டும் நைட் ஷிஃப்ட்டுக்கு

காமன் ஃபங்ஷன்னு ஒண்ணை எழுதி வச்சு, எல்லா ஸ்கிரிப்ட்லயும் இதையே சோர்ஸ் பண்ணிக்கோங்க, அதாவது உள்ள இழுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு டீம் மாறிப் போயிடுறாங்க. அது ஃபெயில் ஆனா என்ன நடக்கும்னு ஒரே ஒரு தடவை தப்பான பாஸ்வேர்டு குடுத்து ஓட்டிப் பாத்திருந்தா நாங்க இப்படி வயிறெரிஞ்சு உக்காந்திருக்க மாட்டோம்.

நடந்தது இதுதான். டேட்டாபேஸ் பேக்கப்புக்கு ஒரு பாஷ் (லினக்ஸ் கமாண்ட் ஷெல்) ஃபங்ஷன், மைஎஸ்க்யூஎல்டம்ப்ங்கற கமாண்டால டேட்டாபேஸை காப்பி எடுத்து, பைப் வழியா, சுருக்கி வைக்கிற ஜிஜிப்புக்கு விட்டு ஃபைலா எழுதும், கடைசி வரில "பேக்கப் ஓகே"ன்னு பிரிண்ட் பண்ற ஒரு எக்கோ. யாரோ பாஸ்வேர்டை மாத்திட்டாங்க, டம்ப் ஃபெயில். ஆனா பைப்ஃபெயில் ஆப்ஷன் போடலேன்னா பைப்லைன்ல கடைசியா இருக்கற கமாண்டோட எக்ஸிட் கோடை (0ன்னா சரி, வேறன்னா ஃபெயில்) மட்டும்தான் பாஷ் பாக்கும், முன்னாடி இருக்கறது செத்தாலும் அதுக்கு கவலை இல்ல. ஜிஜிப்புக்கு உள்ள ஒண்ணுமே வரல, இருந்தாலும் 20 பைட்டுக்கு ஒரு காலி ஃபைலை எழுதிட்டு 0 குடுத்துருச்சு. தினம் காலைல "பேக்கப் ஓகே"ன்னு மெயில். எரராவது எங்கயாச்சும் கிடைக்கும்னு தேடினா, மெயில் நிறைய வருதுன்னு ஸ்கிரிப்ட்டை நேரத்துக்கு தானா ஓட்டுற க்ரான் வரில எஸ்டிடிஎரரை, அதாவது எரர் மெசேஜை எல்லாம், டெவ் நல்லுங்கற குப்பைத் தொட்டிக்கு தள்ளி வச்சிருக்காங்க. அதைவிடக் கொடுமை, 30 நாளைக்கு மேல ஆன ஃபைலை எல்லாம் அதே ஃபங்ஷனே ஃபைண்ட் போட்டு அழிச்சுட்டு வந்திருக்கு, புதுசு உருப்படியா இருக்கான்னு பாக்காமலே! ஒரு டேபிள் போயி ரிஸ்டோர் கேட்டப்போ டைரக்டரியைத் திறந்தா மேல இருந்து கீழ வரைக்கும் 20, 20, 20. அப்ப ட்யூட்டில இருந்தவனைப் பிடிச்சு கேள்வி கேக்குறாங்க, மானிட்டர் பண்ணலையாம்.

மீட்டிங்ல ஒருத்தர் சொல்றார், ஸ்கிரிப்ட் மேல செட் மைனஸ் ஈங்கற ஆப்ஷன் இருக்கே, ஃபெயில் ஆனா நின்னிருக்கணுமேன்னு. எப்படிங்க நிக்கும்? பைப்லைனே 0 சொல்லுது. பைப்ஃபெயில் போட்டிருந்தாலும் நின்னிருக்காது, ஏன்னா அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுற இடத்துல பின்னாடி ரெண்டு செங்குத்துக் கோடு (||) போட்டு "ஃபெயில் ஆனா மெயில் அனுப்பு"ன்னு எழுதி வச்சிருக்காங்க. ஒரு ஃபங்ஷனை அப்படியோ இஃப் கண்டிஷன்லயோ கூப்பிட்டா அதோட உள்ள இருக்கற எல்லா வரிக்கும் செட் மைனஸ் ஈ வேலை செய்யாது, பாஷ் மேனுவல்லயே இருக்கு. நடுவுல எது செத்தாலும் அடுத்த வரிக்குப் போயி கடைசில எக்கோ ஓடி 0 வந்துரும், ஆக அந்த மெயில் என்னைக்குமே போகாது.

அதே ஃபைல்ல இன்னொண்ணு, ஃபங்ஷனுக்குள்ள மட்டும் இருக்கற வேரியபிளுக்கு லோக்கல்னு போட்டு அதே வரில கமாண்டோட அவுட்புட்டையும் அசைன் பண்றது. கமாண்ட் ஃபெயில் ஆனாலும் லோக்கலோட எக்ஸிட் கோடு 0 தான் கிடைக்கும், வேரியபிள் காலியா இருக்கும், அதை அடுத்த வரில, கேக்காம ஃபோல்டரோட அழிக்கிற ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்புக்கு குடுத்து வச்சிருந்தா என்ன ஆகும்? 2015 ஜனவரில லினக்ஸ் ஸ்டீம் (கேம் ஆப்) ஸ்கிரிப்ட்ல பாத் வேரியபிள் காலியாகி யூசரோட ஃபைல் எல்லாம் அழிஞ்சுது, ஊரே பேசுச்சு. லோக்கல் விஷயத்துக்கு, ஸ்கிரிப்ட்ல தப்பு கண்டுபிடிக்கிற ஷெல்செக் எஸ்சி2155ன்னு தெளிவா வார்னிங் குடுக்குது, ஃப்ரீ டூல், ஓட்ட ரெண்டு செகண்ட் ஆகாது. ஓட்ட மாட்டேங்குறாங்க!

இதுல டீபக் பண்ண, ஓடுற ஒவ்வொரு கமாண்டையும் காட்டுற செட் மைனஸ் எக்ஸ் போட்டா ஆயிரக்கணக்குல வரி வந்து கொட்டுது, எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன்னு ஒண்ணும் தெரியாது. அந்த ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி என்ன வரணும்னு சொல்ற பிஎஸ்4 வேரியபிள்ல ஃபைல் பேரு, ஃபங்ஷன் பேரு, லைன் நம்பர் வர்ற மாதிரி செட் பண்ணின பிறகுதான் எனக்கு விஷயமே பிடிபட்டுச்சு. அந்த ஒரு வரியை காமன் ஃபைல்லயே போட்டு வச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

எழுதினவங்க யாரா இருந்தாலும் சரி, டம்ப்போட எக்ஸிட் கோடையும் ஃபைல் சைஸையும் பாக்காம "ஓகே" சொல்ற அந்த எக்கோவை இன்னைக்கே தூக்குங்க, பழசை அழிக்கிற வரியை புது பேக்கப்பை செக் பண்ணினதுக்கு அப்புறமா மட்டும் ஓடுற மாதிரி கீழ இறக்குங்க. அதுவரைக்கும் எந்த ராத்திரி பேக்கப்புக்கும் நான் கையெழுத்து போட மாட்டேன்.