இரண்டு விரலில் தூக்கிக் காட்டாதே, ரேமைக் காட்டு!

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யட் பிளாசாவில் எந்த மாடிக்குப் போனாலும் இதே வித்தைதான். விற்பனையாளர் மடிக்கணினியை மூடுவார், ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குவார், "பாருங்க பாஸ், 1.2 கிலோதான், காகிதம் மாதிரி!" என்பார். காகிதம் வேண்டுமென்றால் புத்தகக் கடைக்குப் போயிருக்க மாட்டோமா? மூவாயிரம் வெள்ளியை எண்ணி வைக்கிறவருக்குத் தெரியவேண்டியது எடை மட்டும்தானா? விலை அட்டையில் தடிமன் 15.9 மில்லிமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) கழற்றக்கூடியதா, பேட்டரி எத்தனை வாட்-அவர் (அதன் கொள்ளளவு), திரை எத்தனை நிட்ஸ் (அதன் வெளிச்சம்), எந்த டைப்-சி துளை எதற்கு என்று தேடிப் பாருங்கள், மருந்துக்கும் இருக்காது. மெலிதாக்க எதையெல்லாம் வெட்டினார்களோ, சரியாக அதை மட்டும் அட்டையிலும் வெட்டிவிடுகிறார்கள்.

ரேமிலிருந்து ஆரம்பிப்போம், வயிற்றெரிச்சலில் பாதி அங்கேதான். 8 ஜிபி போட்டு "மாணவர்களுக்கு ஏற்றது" என்று விற்கிறார்கள். விண்டோஸ் 11 எழுந்து சும்மா நிற்கும்போதே 3, 4 ஜிபியை விழுங்கிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரை வேலையும் இதே பானையில்தான் கைவைக்கும். அப்புறம் குரோமில் பத்துப் பதினைந்து டேப், ஒரு ஆன்லைன் வகுப்பு, ஓரமாக வாட்ஸ்அப். பானை காலி. மிச்சத்தை எஸ்எஸ்டி என்கிற சேமிப்பகத்தில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பிக்கும். டேப் மாற்றும்போது மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு திணறல் வருமே, அது இதனால்தான். தடிமனான பழைய கணினி என்றால் பின்மூடியைத் திறந்து இன்னொரு ரேமைச் சொருகினால் தீர்ந்தது. இதில் ரேமையே மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். கூட்டவும் முடியாது, அது கெட்டால் போர்டையே மாற்றவேண்டும்.

பற்றவைக்கக் காரணமே இல்லை என்று சொல்லவரவில்லை. எல்பிடிடிஆர்5எக்ஸ் வகை ரேம் குறைந்த மின்னழுத்தத்தில் மிக வேகமாக ஓடுவது. புராசசருக்கும் அதற்கும் நடுவில் தடம் நீண்டால் சிக்னல் கெட்டுப்போகும், அதனால் ஒட்டியே வைக்கிறார்கள். பேட்டரிக்கும் அது நல்லது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் புராசசர் பொதிக்குள்ளேயே போய்விட்டது, 16 அல்லது 32 ஜிபி மட்டும்தான். கழற்றி மாட்டுகிற எல்பிகேம்2 என்று ஒன்றும் வந்திருக்கிறது, ஆனால் அது உள்ள மாடல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் சரி. பிறகு கூட்டவே முடியாது என்று தெரிந்தும் மற்ற மாடல்களில் 8 ஜிபி மட்டும் வைக்கிறீர்களே, அதற்கு என்ன பொறியியல் காரணம்? (பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் ஆலை 1972-லேயே வந்துவிட்டது. சிப்பை அடைத்துச் சோதித்து உலகத்துக்கே அனுப்புகிற ஊரில், வாங்குகிறவருக்கு ரேம் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.)

கடையிலேயே நீங்களே பார்த்துவிடலாம், யாரையும் கெஞ்சவேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "சோடிம்" என்றிருந்தால் கழற்றலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் பற்றவைத்தது, அப்போது 16 ஜிபிக்குக் கீழே தொடாதீர்கள். சில மாடல்களில் பாதி பற்றவைத்து ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். அது கிடைத்தால் விடாதீர்கள். எஸ்எஸ்டி எம்.2 வகையா, 2280 அளவா 2230 அளவா என்பதையும் கேளுங்கள். 2230 குட்டை. பின்னால் பெரியது வாங்கினால் உட்காராது.

அடுத்து துளைகள். எச்டிஎம்ஐ போச்சு, லேன் போச்சு, கார்டு ரீடர் போச்சு. இடப்பக்கம் இரண்டு டைப்-சி, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், குணத்தில் ஒட்டாது. ஒன்று சார்ஜ் ஏற்றும், திரைக்குப் படம் அனுப்பும், 40 ஜிபிபிஎஸ் ஓடும். இன்னொன்று 5 ஜிபிபிஎஸ்ஸில் பென்டிரைவ் படிக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், அதாவது அந்த வேகமான துளை. டி எழுத்துக்குள் பி மாதிரி இருந்தால் திரை இணைக்கலாம். அந்தக் குறியை அச்சடிக்க எத்தனை காசு ஆகும்? அழகு கெட்டுவிடுமாம், அதனால் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

உடனே ஒரு டைப்-சியைப் பல துளையாக்கும் ஹப் வாங்கு என்பார்கள். மலிவான ஹப்பில் 4கே திரையைச் செருகினால் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். டைப்-சியில் வேகத் தடங்கள் நான்கு. இரண்டை யூஎஸ்பிக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச இரண்டில் பழைய டிஸ்பிளேபோர்ட் 1.2 (திரைக்குப் படம் அனுப்பும் முறை) வேகத்தில் படம் அனுப்பினால் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 30 படத்துக்கு, மேல் இடம் போதாது. பெட்டியில் "4கே 60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள், மடிக்கணினிப் பக்கமும் டிஸ்பிளேபோர்ட் 1.4 இருக்கவேண்டும். இனி எடையைக் கூட்டிப் பாருங்கள்: 1.2 கிலோ, மூன்று கம்பி பிளக்கோடு சார்ஜர் 300 கிராம், ஹப்பும் வயரும் 150 கிராம். எங்கே போனது உங்கள் காகிதம்?

சார்ஜரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 65 வாட் என்பது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். சாதாரண டைப்-சி வயர் 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது, அதாவது 60 வாட். 5 ஆம்பியர் வயரில் உள்ளே அடையாளச் சிப் இருக்கும், பெட்டியில் 100 வாட் அல்லது 240 வாட் என்று போட்டிருக்கும். கைத்தொலைபேசி சார்ஜரில் 20 வோல்ட் வராவிட்டால் "ஸ்லோ சார்ஜர்" என்று முனகும், இல்லாவிட்டால் ஏறவே ஏறாது. முன்பெல்லாம் உருண்டை பின் சார்ஜர் துளை ஆடினால், உள்ளே அது தனி வயர், மாற்றிவிடலாம். இப்போது பெரும்பாலான மாடல்களில் டைப்-சி துளை மதர்போர்டிலேயே பற்றவைத்தது. மாமாக் உணவுக்கடையில் யாரோ வயரில் கால் தடுக்கி இழுத்தால் பழுது போர்டுக்கு.

"18 மணி நேர பேட்டரி" என்ற புளுகைச் சும்மா விடக்கூடாது. 54 வாட்-அவரை 18-ஆல் வகுங்கள், சராசரி 3 வாட். வைஃபையை அணைத்து, வெளிச்சத்தை மங்கவைத்து, உள்ளே இருக்கும் படத்தையே ஓடவிட்டால்தான் அந்தக் கணக்கு. குரோமும் ஆவணமுமாக 9 வாட் இழுத்தால் 6 மணி நேரம். வீடியோ சந்திப்பில் 15, 18 வாட் போகும், 3 மணி நேரத்தில் சார்ஜர் தேடுவீர்கள். வாட்-அவரைக் கேளுங்கள், மணிக்கணக்கைக் கேட்காதீர்கள்.

சூடு இருக்கிறதே, அது நம்ம ஊருக்கென்றே எழுதிவைத்த தண்டனை. லோ யட் ஏர்கோனில் வைத்துக் காட்டினால் எல்லாம் பறக்கும். மெலிந்த உடலில் ஒரு குட்டி விசிறி, ஒரு செப்புக் குழாய். புராசசர் முதல் அரை நிமிடம் போல முழு வேகத்தில் ஓடும், அப்புறம் 15 வாட்டுக்குக் கீழிறங்கிப் படுத்துக்கொள்ளும். கடையில் நீங்கள் பார்ப்பது அந்த அரை நிமிடத்தைத்தான். வீட்டில் 32 டிகிரி அறையில், மெத்தைமேல் வைத்து, அடியில் காற்றுத் துளையை அடைத்துக்கொண்டால் எப்படி ஓடும்? விசிறியே இல்லாத மாடல் சத்தம் போடாது, ஆனால் நீண்ட வேலையில் இன்னும் சீக்கிரம் இறங்கும். கடினமான மேசைமேல் வையுங்கள், பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் தூக்கிவையுங்கள். விசிறி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து சிறகில் படிந்த தூசியைத் தட்டுங்கள்.

மூடிவைத்தாலும் தூங்குகிறதா என்றால் அதுவும் இல்லை! புதிய மாடல்கள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்கத்தை எடுத்துவிட்டு மாடர்ன் ஸ்டாண்ட்பை வைத்துவிட்டார்கள். மூடிப் பைக்குள் போட்ட பிறகும் எழுந்து அப்டேட் தேடும். மூச்சுவிட இடமில்லாத பையில், கெலானா ஜெயா எல்ஆர்டி ரயில் நெரிசலில், அது அடுப்பு மாதிரி காய்ந்துகொண்டிருக்கும். வீடு வந்து திறந்தால் பேட்டரி பூஜ்யம். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் "ஹைபர்னேட்" என்று மாற்றுங்கள். திறக்கும்போது சில விநாடி கூடும், பை மட்டும் வேகாது.

இந்தச் சூடும் நூறு சதவீதத்திலேயே செருகிவைக்கிற பழக்கமும் சேர்ந்தால் பேட்டரிக்குள் வாயு உண்டாகி உப்பும். மெல்லிய பை மாதிரி உறைக்குள் அடைத்த பேட்டரி அது, வீங்கினால் டச்பேடைத்தான் முட்டும். டச்பேட் அழுந்தவில்லை, மூடி சரியாக மூடவில்லை என்றால் டச்பேட் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சார்ஜரை உடனே பிடுங்குங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள். தயாரிப்பாளர் செயலியில் 80 சதவீத வரம்பு இருந்தால் வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப்போகவே கூடாது.

கீபோர்டைப் பிளாஸ்டிக் ஆணியை உருக்கி மேல்மூடியோடு ஒட்டியிருப்பார்கள், ஒரு எழுத்து போனால் மேல்மூடி முழுவதும் மாற்றவேண்டும். திரை 250 நிட்ஸ், நிற அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்றால் சேலை நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும். 300 நிட்ஸுக்குக் கீழே வேண்டாம். கேமராமேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துவிடுங்கள், மூடும் இடைவெளி அவ்வளவு குறுகல், கண்ணாடி விரியும்.

"ரேம் பின்னாடி கூட்டிக்கலாம் பாஸ்" என்று சொல்கிற ஆளிடம் அதையே ரசீதில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், விலை அட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகவேண்டும். போகாவிட்டால் 50,000 ரிங்கிட் வரைக்குமான வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போடலாம், கட்டணம் 5 ரிங்கிட். எழுதச் சொல்லித்தான் பாருங்களேன். இரண்டு விரலில் மடிக்கணினியைத் தூக்கிய அதே கைக்குப் பேனா தூக்க முடியாத கனமாகிவிடும்.