திரைக்கு முன்னால் நிற்கும் தடைகள்

1952இல் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழு, வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி தெரிவுத் தேர்வில் திரை கட்டியது. காலணிச் சத்தத்தில் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால் கம்பளம் விரித்த குழுக்களும் உண்டு. வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1997இல்தான். திரை அவசியம், சந்தேகமில்லை. ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளரும் ஒரு பிள்ளை அந்தத் திரைவரை வந்து சேர்வதே பெரும்பாடு.

வயலினை எடுங்கள். ஆறு வயதில் கால் அளவு, பிறகு அரை, முக்கால், பன்னிரண்டு வயதளவில் முழு அளவு. ஆக நான்கு வாத்தியம்! கையில் காசில்லாத வீட்டில், வளர்ந்த பிறகும் உதவும் என்று பெரியதையே வாங்கிவிடுகிறார்கள். விரல் எட்டாது, இடது மணிக்கட்டு மடங்கும், சுண்டுவிரல் சுரம் எப்போதும் இறங்கியே ஒலிக்கும். பிள்ளைக்கு இசைச் செவி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இலவச வகுப்பு தொடங்குவோர் முதலில் பிள்ளைகளுக்கு வாத்தியம் இரவல் கொடுக்கும் வாத்திய வங்கி வைக்கட்டும், அதில் சிறிய அளவுகளே கூடுதலாக இருக்கட்டும். கொழும்பின் ஈரப்பதனில் தந்தியை முறுக்கும் பிரடை ஊதி இறுகும், பசை விடும், வில்மயிர் தளரும். தந்திக்கும் வில்மயிர் மாற்றவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால் அந்த வங்கி நிலைக்காது.

அடுத்தது பரீட்சை. பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் 6ஆம் தரச் செய்முறைக்குப் போக 5ஆம் தரத் தியரி, அதாவது இசைக் கோட்பாட்டு எழுத்துப் பரீட்சை, பெரும்பாலும் தேவை. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை ஆங்கிலக் கேள்வியில் தடுக்கி அங்கேயே நின்றுவிடுகிறது. டிரினிட்டி என்ற மற்றப் பரீட்சைச் சபையில் அந்த நிபந்தனை இல்லை என்பதை ஆசிரியர்கள் பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. வெள்ளவத்தையில் ஐந்தாறு வருடம் கர்நாடக வயலின் பயின்ற பிள்ளையை மேலைத்தேய வகுப்பில் அரிச்சுவடியில் உட்கார வைப்பது அநியாயம். சுருதிஞானமும் தாளமும் வில் பழக்கமும் அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ச-ப-ச-ப சேர்த்த தந்திகளை மேலைத்தேயச் சுருதியான ஜி-டி-ஏ-ஈ ஆக்க வேண்டும். வலது பாதத்தில் ஊன்றிய வாத்தியத்தைத் தாடையிலும் தோளிலும் தாங்கப் பழக வேண்டும். ஐந்துகோட்டு நொட்டேஷன் படிக்க வேண்டும். உண்மையான சிரமம், பக்கத்தில் வேறு சுரம் ஒலிக்கும்போது தன் வரியை விடாமல் பிடிப்பது. இரண்டாம் வயலின் வரிசையில், உறுதியாக வாசிக்கும் ஒருவரோடு ஒரே இசைத்தாள் ஸ்டாண்டில் இருத்தினால் அது கைவரும்.

இளைஞர் இசைக்குழுக்கள் தெரிவுத் தேர்வில் வாசிக்க வேண்டிய இசைப் பகுதிகளை மூன்று மாதம் முன்பே தமிழ்ப் பாடசாலைகளுக்கும் அனுப்பட்டும், தமிழ் அறிவித்தலோடு.