“பல்லுக்கொதிதானே” என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைசியில், பாதி வெளியிலும் பாதி முரசுக்குள்ளுமாகக் கிடக்கும் ஒரு ஞானப்பல் என்னை எட்டு மாதங்களில் மூன்று முறை படுக்கையில் தள்ளிவிட்டது. மூன்று முறையும், வீட்டிலும் மருந்துக்கடையிலும் அலுவலகத்திலும், எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: “பல்லுக்கொதிதானே!” அந்த இரண்டெழுத்துத் “தானே” மீதுதான் எனக்குக் கோபம். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள், வயிற்றோட்டம் என்றால் ஓடிப்போய்ச் செவ்விளநீர் வாங்கி வருகிறவர்கள், பல் என்றதும் மட்டும் அதை ஒரு நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இது சூத்தைப்பல்லின் வலி அல்ல. முழுதாக மேலே வர இடமில்லாத பல்லின்மீது முரசுச் சதை ஒரு மூடிபோலப் படிந்து கிடக்கிறது. சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூவும் அந்த மூடிக்கு அடியில் போய் ஒதுங்கினால் பிரஷ் எட்டாது; காற்றுப் படாத அந்த இடுக்கில், ஒட்சிசன் இல்லாமலே வாழக்கூடிய பற்றீரியாக்கள் பெருகி, முரசு வீங்கிச் சீழ் பிடிக்கிறது. வீங்கிய சதையை மேற்பல் வந்து கடிக்கிறது, கடிபடக் கடிபட அது இன்னும் வீங்குகிறது. பிறகு வலி காதுக்கு ஏறுகிறது, தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறது, மெல்லும் தசை இறுகி வாயே திறபடாமல் போகிறது. பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அதாவது பரீட்சையும் முதல் வேலையும் ஒன்றாக வந்து தலையில் ஏறும் காலத்தில், முளைக்கிற பல் இது. எனக்கு இப்போது 26.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய இரவு இரண்டு மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. கன்னத்தை இழுத்துப் பார்த்தபோது கடைசியில் முரசு கருஞ்சிவப்பாகப் பொருமியிருந்தது. அதன் நடுவே பல்லின் வெள்ளை ஒரு அரிசி அளவுக்குத் தெரிந்தது. விரல் நுனியால் அழுத்தியதும் உப்பும் கசப்புமாக ஏதோ நாக்கில் வழிந்தது. விடிந்ததும் வீட்டில் பொங்கலும் பலகாரமும். நானோ இடியப்பத்தைச் சொதியில் கரைத்து, குழந்தைகளுக்கு மருந்து பருக்கும் சின்னக் கரண்டியால் பல்லிடுக்கு வழியே விட்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மிடறுக்கும் காதுக்குள் ஊசி ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே மாமி சொன்னார்: “பிள்ளைக்கு இப்பதான் ஞானம் முளைக்குது.” கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லவும் என்னால் முடியவில்லை.

சிரித்தவர்களையாவது மன்னிக்கலாம், மருந்துக்கடையை என்னால் மன்னிக்க முடியாது. முதல் முறை புரட்டாதி மழைக்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காலி வீதியோரத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். கவுண்டரில் நின்றவர் என் வாயைப் பார்க்கவில்லை, வைத்தியரின் துண்டு இருக்கிறதா என்று கேட்கவில்லை, ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதா என்றும் கேட்கவில்லை. “பல்லுக்கொதிதானே தங்கச்சி, இதைப் போடுங்கோ” என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து ஒரு அட்டையை வெட்டினார். நான்கு கப்சியூல். வெட்டு மருந்தின் பெயருக்குக் குறுக்கே போனதால் என் கையில் வந்த துண்டில் “சிலின்” என்ற பாதிப் பெயர்தான் இருந்தது. காலாவதித் திகதி மற்றப் பாதியோடு கடையிலேயே நின்றுவிட்டது. சின்னக் காகித உறையில் “காலை, இரவு” என்று பேனாவால் எழுதித் தந்தார். பெனிசிலின் வகை அன்டிபயோட்டிக்கான அமொக்சிசிலினை வழக்கமாக நாளுக்கு மூன்று வேளை எடுக்கக் கொடுப்பார்கள் என்பதும், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதும் அந்த உறைக்குள் எங்கே எழுதியிருந்தது? அன்டிபயோட்டிக்கை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்க இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை என்று ஒன்றை அமைத்து வைத்திருக்கிறோம். இருந்தும் கத்தரிக்கோல் பட்டப்பகலில் வெட்டிக்கொண்டே இருக்கிறது.

நான்கு கப்சியூலில் வீக்கம் சற்று வற்றியது. சுகம் வந்துவிட்டது என்று நான் நம்பினேன். மார்கழியில் திரும்ப வந்தது. அதே கடை, அதே வெட்டு, இந்த முறை ஆறு. எத்தனை அட்டை விழுங்கினாலும், அழுக்குத் தங்கும் அந்த இடுக்கு அங்கேயே இருக்கும்வரை நோய் திரும்பி வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அரைகுறையாக மருந்தைத் தின்னப் பழக்கி, பற்றீரியாக்களை அந்த மருந்துக்கே அடங்காதவையாக்கி, நாளைக்கு நிமோனியாவோடு வரும் ஒரு குழந்தைக்கு அதே மருந்து வேலை செய்யாமல் போனால் அதற்கு யார் பொறுப்பு?

வீட்டு வைத்தியம் இன்னொரு பக்கம். இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளிக்கச் சொன்னவர்கள் நல்லதுதான் சொன்னார்கள், அது உண்மையாகவே உதவியது. ஆனால் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து இரவு முழுக்க அடக்கி வைக்கச் சொன்னவரை நம்பியதால் கன்னத்தின் உட்தோல் வெந்து உரிந்தது. வலித்தபோதெல்லாம் பனடோல் போடு என்றார்கள். 500 மில்லிகிராம் குளிசையில் வளர்ந்தவர் ஒருவர் 24 மணி நேரத்துக்கு எட்டுக்குமேல் போடக்கூடாது, போட்டால் ஈரல் கெடும் என்பதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

புத்தாண்டு விடுமுறை முடியும்வரை நான் கேட்ட தனியார் பல் வைத்தியர் ஒருவரிடமும் நம்பர் எடுக்க முடியவில்லை. நான்காம் நாள் ஒருவரிடம் சனல் பண்ணிப் போய் உட்கார்ந்தேன். அவர் வளைந்த நுனியுள்ள ஊசிக்குழாயால் முரசு மூடிக்கு அடியில் மருந்துநீரைப் பீச்சி, உள்ளே அடைந்து கிடந்ததைக் கழுவி வெளியே எடுத்தார். பத்து நிமிடம். எட்டு மாதமாக ஒருவரும் செய்யாத அந்தப் பத்து நிமிட வேலையை நினைத்து நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். வாய் திறபடாத நிலை இருந்ததால் மருந்தும் எழுதினார், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று சொல்லியே எழுதினார். எக்ஸ்ரேயில் பல் தனக்கு முன்னால் இருக்கும் பல்லை நோக்கிச் சரிந்து கிடந்தது; கழற்றத்தான் வேண்டும். இதற்குமேல் வாயின் அடித்தளம் வீங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு முட்டினாலோ நம்பருக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும் என்றும், அந்த நிலையில் உயிரே போகலாம் என்றும் சொன்னார். உயிர் போகலாம்! இதைத்தான் “தானே” என்றார்கள்.

கொழும்பு 7 இல், வோர்ட் பிளேஸில், தேசிய பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலை, இலவசச் சிகிச்சை. கராம்பு எண்ணெய் எந்தக் கடையில் சுத்தமாகக் கிடைக்கும் என்று விலாசத்தோடு சொன்ன என் உறவினரில் ஒருவராவது அந்த விலாசத்தைச் சொல்லியிருக்கலாம்.

பல் கழற்ற அடுத்த வியாழக்கிழமை திகதி தந்திருக்கிறார்கள். முரசை வெட்டி, எலும்பைச் சற்றுச் செதுக்கி எடுக்க வேண்டிவரும், வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும் என்று விளக்கமாகச் சொன்னார்கள். நேற்று லீவு விண்ணப்பத்தை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “ஒரு பல்லுக்கு இரண்டு நாளா, மிஸ்?” என்றார். விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கி, இரண்டை வெட்டி மூன்று என்று எழுதி, எக்ஸ்ரேயின் பிரதியையும் இணைத்து மறுபடி அதே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.