தைராய்டு புற்றுநோயில் பிராஃப் பாசிட்டிவ் என்றாலே பயமா?

"பிராஃப் பாசிட்டிவ் வந்தால் அவ்வளவுதான், வயதெல்லாம் கணக்கில் வராது" என்று மேலே ஏற்காடு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, அது அப்படியில்லை. பிராஃப் (BRAF) என்பது ஒரு மரபணு. கட்டியில் அந்த மரபணு மாறியிருந்தால் அதைத்தான் பாசிட்டிவ் என்கிறார்கள்.

பாப்பில்லரி வகை தைராய்டு புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மரபணு மாற்றம் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை முடிந்து நன்றாகவே இருக்கிறார்கள். என் அக்காவுக்கு 34 வயதில் இதே ரிப்போர்ட் வந்தது. அஸ்தம்பட்டி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதோம். இன்று அவளே செவ்வாய்ப்பேட்டை போய் மளிகை வாங்கி வருகிறாள்.

சரி, வயது. ஸ்டேஜ் கணக்கிலேயே வயதைச் சேர்ப்பது புற்றுநோய்களில் அபூர்வம். தைராய்டில் சேர்க்கிறார்கள். முன்பு 45 ஆக இருந்த வரம்பு 2018 முதல் 55. பாப்பில்லரி, ஃபாலிகுலர் வகைகளில் 55-க்குக் கீழ் உள்ளவருக்கு நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் ஸ்டேஜ் 2 தான். அனப்பிளாஸ்டிக் என்ற தீவிரமான தைராய்டு வகை வேறு கதை. எந்த வயதிலும் ஸ்டேஜ் 4.

பிராஃபோடு டெர்ட் (TERT) என்ற இன்னொரு மரபணுவின் மாற்றமும் சேர்ந்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். அந்த டெர்ட் மாற்றம் வயதானவர்களிடம்தான் அதிகம். அப்புறம், மெடுல்லரி என்ற இன்னொரு தைராய்டு வகை என்றால் ரெட் (RET) மரபணுச் சோதனை செய்யச் சொல்வார்கள். அதில் மாற்றம் பரம்பரையாக வந்தது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும்.