காகம் குடித்த தண்ணீருக்கும் கணக்கு உண்டா?

திறந்த தட்டில் தண்ணீர் வைத்து, ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிக் குறைகிறது என்று அளந்து, அதற்கேற்ப வெங்காயத்துக்கு இறைக்கச் சொல்லும் கட்டுரையொன்று படித்தேன், நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்குப் ‘பரப்பு’ என்ற எங்கள் நில அளவில் சொன்னால்தான் ஏறும். தட்டில் ஒரு நாளில் 6 மில்லிமீற்றர் குறைந்தால், 0.7 ஆல் பெருக்க (தோட்டத்தைவிடத் தட்டில் கூடுதலாக ஆவியாகும் என்பதால்) 4.2 மில்லிமீற்றர் வரும், அதாவது சதுர மீற்றருக்கு 4.2 லீற்றர். ஒரு பரப்பு சுமார் 253 சதுர மீற்றர். அப்போ ஒரு பரப்புக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1060 லீற்றர். பயிரின் வயதுக்கேற்ப இது கூடிக் குறையும், சரி. நாங்களோ வாய்க்கால் நிரம்பும்வரை மெசினை ஓடவிடுகிறோம். மிஞ்சிய தண்ணீர் யூரியாவையும் கரைத்துக்கொண்டு செம்மண்ணுக்குள்ளால் சுண்ணக்கல்லுக்கு இறங்கி, அதே கிணற்றுக்குத்தான் வருகிறது.

போன வருடம் சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) நேரம் நானும் பழைய அலுமினியச் சட்டியில் அளந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரேயடியாகக் குறைந்திருந்தது. காற்றுத்தான் என்று நினைத்து இறைப்பைக் கூட்டினேன். அப்புறம் பார்த்தால் விளிம்பில் இரண்டு காகங்கள், ஒன்று குளித்துக்கொண்டிருந்தது! கம்பிவலை போட்டேன், அதுவும் ஆவியாதலைக் கொஞ்சம் குறைக்குமாம்.

மழைமானியைப் பக்கத்திலேயே வையுங்கள். மழை நாளில் பெய்த அளவைத் தட்டில் குறைந்த அளவோடு கூட்டாவிட்டால் தட்டின் கணக்குப் பிழைக்கும்.