பாலத்தின் நடுவில் சந்திப்பு வேண்டாம்
சாலை ஆர்வலர்கள் பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சியில் வண்டிகளை நிறுத்திக் கூடலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது ஆபத்தான யோசனை. 2.3 கி.மீ. நீளப் பாலம், போக ஒன்று வர ஒன்று என இரண்டே தடம். நடுப்பகுதி மேடாக இருப்பதால், ஏறி வரும் பஸ் டிரைவருக்கு உச்சிக்கு அப்பால் நிற்கும் வண்டி கடைசி நேரத்தில்தான் தெரியும், ஒதுங்கினால் எதிர்த்தடம்தான். மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ வண்டியை விட்டுவிட்டு ஓர நடைபாதையில் நடந்து வாருங்கள். புதிய ரயில் பாலத்தில் கப்பல் போக மேலே உயரும் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அங்கிருந்தே நன்றாகத் தெரியும். காற்று பலமாக இருக்கும், தொப்பி, டிரோன் இரண்டும் வேண்டாம். அடுத்து தனுஷ்கோடியைத் தாண்டி சாலை முடியும் அரிச்சல்முனை போவதானால் ராமேஸ்வரத்திலேயே பெட்ரோல் நிரப்புங்கள். அந்தச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும்; மணலில் பைக்கின் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும், முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். திரும்பியதும் மணலும் கடல் உப்பும் போக பைக் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு எண்ணெய் போடுங்கள்.