ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான்

அந்த ரீலை இதுவரை பத்துப் பதினைந்து பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். என் முகத்தை அப்படியே நிறுத்தி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "எங்க மாமா, ஏர்பேக் இன்ஸ்பெக்டர்" என்று எழுதி, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தமும் சேர்த்திருக்கிறான் மருமகன், என் அக்கா மகன். நன்றாகத்தான் எடிட் செய்திருக்கிறான். எனக்கே முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.

ரீலில் இல்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். மருமகன் கொச்சிக்காரன் ஒருத்தனிடம் வாங்கிய பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், பூஜைக்காகச் சந்திப்பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கிறது. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். அதை வாங்கி வந்ததே நான்தான். சூடம் காட்டி முடிந்ததும் மருமகன் பக்கத்தில் போய் மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, "அந்த ரெண்டு ரீகால் வேலையும் முடிச்சாச்சா மருமகனே?" என்று கேட்டேன். அவ்வளவுதான். ரீகால் பாக்கி இருக்கிறது என்பதை நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. குடும்பக் குரூப்பில் அவனே போன வாரம் பெருமையாக வாய்ஸ் அனுப்பியிருந்தான். "கொச்சிக்காரன் ரெண்டு ரீகால் பெண்டிங்னான். அத வச்சே ஒன்றரை லட்சம் கொறச்சிட்டேம்லா!"

இந்த ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. தயாரித்த கம்பெனியே "நாங்கள் செய்த பொருளில் குறை இருக்கிறது, வண்டியைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்" என்று கூப்பிடுவதுதான் ரீகால். பொருளும் அவர்களுடையது, கூலியும் அவர்களுடையது. நீங்கள் முதல் ஓனரா, நான்காவது ஓனரா என்று பார்த்துக் காசு கேட்பதில்லை. ஆக, இலவசமாகச் சரியாகிவிடுகிற குறையைக் காட்டி ஒன்றரை லட்சம் குறைத்திருக்கிறான். கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அப்புறமாவது அந்த இலவச வேலையைச் செய்திருக்க வேண்டாமா? ஒன்றரை லட்சத்தில் சைலன்சர் மாற்றியாயிற்று. இப்போது அந்தக் கார் வண்ணாரப்பேட்டையில் ஸ்டார்ட் ஆனால் கொக்கிரகுளத்தில் கேட்கிறது.

காரில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மொத்தம் 17 எழுத்து. அதைக் கம்பெனியிடம் சொன்னால் என்ன பாக்கி என்று தெரிந்துவிடும். ஒரு போன் கால். காசு கிடையாது. மூன்று நாளாக நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

சரி, "வயித்தெரிச்சல்" என்கிறவர்களுக்கு வருகிறேன். கமெண்டில் பாதி அதுதானே. "ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பத்தி என்ன தெரியும்" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். அதற்கு நாற்பத்தொரு சிரிப்பு எமோஜி. அதில் ஒன்று என் சொந்த மைத்துனருடையது.

ஐயா, எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் பற்றித் தெரியாது. டர்போ, டார்க் எல்லாம் மருமகன் சொல்லித்தான் கேள்வி. அதில் ஏறி உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். ஆனால் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று பற்றித் தெரியும். பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருடமாக அதைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளிமாநில வண்டி என்றால் ஆட்சேபனை இல்லை என்கிற என்.ஓ.சி.க்குப் படிவம் 28, பெயர் மாற்ற 29, 30. வண்டி மேல் கடன் இருந்தால் ஆர்.சி.யில் தெரியும். எத்தனை சீட், என்ன கலர், எந்த மாதம் செய்தது, எல்லாம் தெரியும். ரீகால் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் ஆர்.சி. அட்டையில் எந்த மூலையிலும் இருக்காது. கடன் பாக்கி இருந்தால் வண்டியை வாங்கமாட்டோம். உயிர் பாக்கி இருந்தால் தள்ளுபடி கேட்போம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு காலத்தில் தெரியாமல்தான் ஓட்டினேன்.

2014ல் ஒரு செடான் வாங்கினேன். மூன்றாவது கை. கம்பெனிப் பெயர் வேண்டாம், இப்போது அது முக்கியமில்லை. திருச்செந்தூர், குற்றாலம், மாமியார் வீடு என்று பதினான்கு மாதம் ஓட்டியாயிற்று. ஒரு நாள் ஆயில் மாற்ற விட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் நம்பரைத் தட்டிவிட்டு, "சார், இதுல ஒரு ரீகால் ரொம்ப நாளா பெண்டிங் காட்டுது" என்றான். கண்ணாடி ஏற்றி இறக்குகிற சுவிட்ச். டிரைவர் கதவில் இருக்குமே, நாலு பட்டன் உள்ள அந்தக் கட்டை. அதற்குள் தண்ணீர் இறங்கினால் சூடாகித் தீப்பிடிக்கலாமாம். இதற்கெல்லாமா ரீகால் என்றுதான் நானும் கேட்டேன். மருமகன் கேட்ட அதே தொனிதான்.

அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. பழைய சுவிட்சைக் கழற்றி, திருப்பி, என் கையில் வைத்தான். மேலே புதுசு போலப் பளபளவென்று இருந்தது. அடியில் பிளாஸ்டிக் ஒரு ஐம்பது பைசா அகலத்துக்குப் பழுப்பேறி, ஓரத்தில் லேசாகக் குமிழிட்டிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் அடுப்பில் பட்ட சீப்பு வாடை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கார் நின்றாலே என் சீட்டில் ஏறி உட்கார்ந்து அந்தப் பட்டன்களைத்தான் அழுத்தி விளையாடுவாள். மழை நாளில் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுக் கையை நீட்டுவாள்.

வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பில்லில் ரீகால் வரிக்கு நேராகப் பூஜ்யம். கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருந்த முதல் ஓனர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் காரை விற்று, வீட்டையும் மாற்றி, போன் நம்பரையும் மாற்றியிருந்தார். கடிதம் யாருக்கோ போகும், கார் யாரிடமோ இருக்கும். பழைய காரில் இதுதான் நடப்பு. நாமாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் உண்டு. ஒரு போன் கால்.

"ரீகால் இல்லாத கார் எது? புதுக் காருக்கும்தான் வருது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயம். ரீகால் வந்த கார் மட்டமான கார் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லப்போனால் ரீகால் அறிவிக்கிற கம்பெனிதான் மானமுள்ள கம்பெனி. 2014ல் போர்ஷே 911 ஜிடி3 காரில் என்ன நடந்தது? ஐரோப்பாவில் இரண்டு கார் தீப்பிடித்தது. எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்துபோவதுதான் காரணம் என்று தெரிந்ததும், உலகம் முழுக்க விற்றிருந்த 785 கார்களையும் ஓட்டாதீர்கள் என்று சொல்லி, 785க்கும் புது எஞ்சின் மாற்றிக் கொடுத்தார்கள். அதெல்லாம் விளையாட்டுக்குச் செய்கிற செலவா? "கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டு அனுப்புற லெட்டரு" என்று ரீலில் சொல்கிறானே, ஆமாம், பயந்துதான் அனுப்புகிறான். காரைச் செய்தவனே பயப்படும்போது, ஓட்டுகிற நமக்கு என்ன வீரம்?

ஏர்பேக் இன்ஸ்பெக்டர் என்று பட்டம் கொடுத்தாயிற்று, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக் கதை கார் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பையை ஊதுவதற்கு அமோனியம் நைட்ரேட் வைத்தார்கள். வெயிலும் காற்றின் ஈரமும் வருடக்கணக்கில் ஏறி இறங்கி அந்த மருந்து கெட்டுப்போனது. இடித்ததும் பை விரிவதற்குப் பதிலாக, மருந்து இருந்த இரும்புக் குப்பியே வெடித்துத் துண்டுதுண்டாக ஓட்டுநர் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தது. 2014ல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தது அப்படித்தான். உலகம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட உயிர், ஏறக்குறைய பத்துக் கோடி இன்ஃப்ளேட்டர் (அந்த மருந்துக் குப்பிதான்) ரீகால், 2017ல் கம்பெனி திவால். அமெரிக்காவில் இதை மாற்றும்போது ஃபுளோரிடா போன்ற சூடும் ஈரமும் உள்ள இடங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். கொச்சி எப்படிப்பட்ட ஊர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருமகன் காரில் பாக்கி இருப்பது இதுதான் என்று நான் சொல்கிறேனா? இல்லை. என்ன பாக்கி என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. விலை குறைத்தவன், எதற்காகக் குறைத்தோம் என்று கேட்கவில்லை. அதுதானே என் ஆத்திரம்!

"அமெரிக்காக்காரன்லாம் பாக்கானா?" என்று கேட்டவருக்கு: அங்கேயும் ஓட்டை இருக்கிறது. புதுக் காரை ரீகால் பாக்கியோடு டீலர் விற்கக்கூடாது. பழைய காரை அப்படி விற்பதற்கு நாடு தழுவிய தடை கிடையாது. 2004ல் கலிபோர்னியாவில் 24 வயதிலும் 20 வயதிலும் அக்கா தங்கை இரண்டு பேர் வாடகைக் காரில் போய் இறந்தார்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிந்து தீப்பிடிக்கலாம் என்று ரீகால் வந்த கார். சரி செய்யாமலே வாடகைக்கு விட்டிருந்தார்கள். பெற்ற தாய் வருடக்கணக்கில் அலைந்து, 2015ல்தான் வாடகைக் கார்களுக்குச் சட்டம் வந்தது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ரீகாலுக்கான 110ஏ பிரிவு வந்து, 2021 ஏப்ரலிலிருந்து விதிகள் அமலாகின. கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தக் கட்டாய ரீகால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். மருமகன் காருக்கு வயது ஒன்பது. சட்டத்தை நம்பி இருக்க முடியாது, நாமேதான் கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

"நம்ம நாலுவழிச் சாலையில ரீகால விட மாடுதான் ஆபத்து." இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாங்குநேரி தாண்டி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நானும் ஓட்டியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் ஊரில் பழைய கார் வாங்குகிறவன் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி என்ன? "வெள்ளத்துல நின்ன வண்டியா?" டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கிறோம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது, அதனால் கற்றுக்கொண்டோம். அப்படிக் கேட்பதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தபோது "முன்னாடியே செக் பண்ண மாட்டாங்களா?" என்று முதலில் ஸ்டேட்டஸ் போட்டது யார்? இதே மருமகன். தேருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

உண்மையைச் சொன்னால் ரீல் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அக்கா சொன்னதுதான். கோயில் வாசலில், நாலு பேர் முன்னால், "ஏல, நல்ல நாளும் அதுவுமா ஒன் வாயில வேற வார்த்தையே வராதா?" என்றாள். அத்தான் பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பதும் ஒரு பேச்சுதான். என் கடை திறப்பு விழாவுக்கு அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்ததைப் பற்றி நான் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரி, அது வேறு கதை, விடுங்கள்.

அந்தப் பயலுக்கு வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே சைக்கிள் சொல்லிக்கொடுத்தது நான். ஆறு வயது. ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாக இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பான். "பிடிக்குதா பாருங்க மாமா." பிடிக்குதுலே, போ என்றால் போகமாட்டான். நான் குனிந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை உரசுவதைக் காட்ட வேண்டும். தினமும். எனக்கு எரிச்சல் வரும். பின்னால் நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அவன் கண்டுகொள்ளவே மாட்டான்.

இதை நீ படிப்பாய் என்று தெரியும் மருமகனே. பெயர் மாற்றத்துக்காக ஆர்.சி.யை நகல் எடுக்க நம் கடைக்குத்தான் வந்தாய். காசு வாங்கவில்லை, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஒரு காப்பி கூடுதலாக விழுந்துவிட்டது, என் மேசை டிராயரில் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு அந்தப் பதினேழு எழுத்தையும் படித்துக் கம்பெனிக்கு நானே போன் செய்யப்போகிறேன். யார் பேசுவது என்று கேட்டால் உன் பெயரைத்தான் சொல்வேன்.